ஃபார்முலா 1 கார்கள் ஏன் குதித்தன? ஒரு முதுகுவலியின் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க.

கார் பந்தயம் பார்க்கும் பழக்கம் இல்லாதவங்களும் படிக்கலாம். ஏன்னா இது காரைப் பற்றிய கதை மாதிரி தொடங்கி, முதுகெலும்பில் போய் முடியும் கதை.

2022 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை. அசர்பைஜான் நாட்டின் பாக்கு நகரம்.

பந்தயம் முடிந்து கார்கள் வந்து நிற்கின்றன. நாலாவதாக வந்தவர் லூயிஸ் ஹாமில்டன். ஏழு முறை உலக சாம்பியன். அப்போது அவருக்கு வயது 37.

அவர் காரை விட்டு இறங்கிய காட்சியைப் பார்த்தேன். ஓபி-யில் நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்து, இடுப்பில் கை வைத்து, மெல்ல மெல்ல எழுந்திருப்பாங்களே... அதே மாதிரி.

அன்று அவர் எதிலும் மோதவில்லை. கார் கவிழவில்லை. டயர் வெடிக்கவில்லை.

கார் குதித்தது. அவ்வளவுதான்.

ஒன்றரை மணி நேரம், நேர்சாலை வரும்போதெல்லாம், நொடிக்கு ஐந்தாறு முறை குதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓட்டி முடித்ததாக அவரே பின்னால் சொன்னார்.

கோடிக்கணக்கில் பணம், உலகின் தலைசிறந்த பொறியாளர்கள்... இத்தனையும் இருந்தும் கார் ஏன் குதித்தது?

காரணம், விதிப்புத்தகத்தில் மாறிய சில பக்கங்கள். அதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னாடி போகணும்.

இறக்கையைத் தலைகீழாக மாட்டிய கதை

விமானத்தின் இறக்கை காற்றில் மேலே தூக்கும். அதையே தலைகீழாக மாட்டினால்? கீழே அழுத்தும். இந்த அழுத்தத்துக்குப் பெயர்தான் டவுன்ஃபோர்ஸ். டயரைச் சாலையோடு சேர்த்து அழுத்துவதால், வளைவில் கார் சறுக்காமல் வேகமாகத் திரும்பும்.

1968-ல் ஃபார்முலா 1 அணிகள் இதைக் கையில் எடுத்தன. சீக்கிரமே கம்பிகளின் மேல் உயரமாக நிற்கும் ராட்சத இறக்கைகள் வந்துவிட்டன.

1969 மே மாதம், ஸ்பெயினின் மோன்ஜுயிக் பந்தயப் பாதை. லோட்டஸ் அணியின் கிரஹாம் ஹில், யோக்கன் ரிண்ட் இருவர் காரிலும் இறக்கை முறிந்தது. இரண்டு கார்களும் தடுப்பில் மோதின. ரிண்டுக்குக் காயம். இரண்டே வாரத்தில், மொனாக்கோவில், பந்தய வார இறுதி நடந்துகொண்டிருக்கும்போதே உயர இறக்கைகளுக்குத் தடை.

இதை ஞாபகம் வச்சுக்கோங்க. கண்ணெதிரே முறிந்த ஒரு பொருளுக்கு இரண்டு வாரத்தில் விதி வந்தது.

காரையே இறக்கையாக்கினால்?

அடுத்த பெரிய யோசனை 1970-களின் நடுவில் லோட்டஸ் அணியில் பிறந்தது. அதன் தலைவர் காலின் சாப்மேன். காற்றியக்கம் பார்த்தவர் பீட்டர் ரைட்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் ஒரு மாதிரிக் காரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அளவீடுகள் விசித்திரமாக வந்தன. பார்த்தால், மாதிரியின் பக்கவாட்டுப் பகுதிகள் காற்று வேகத்தில் தொய்ந்து தரையை நோக்கி இறங்கியிருந்தன. தரைக்கும் காருக்கும் இடையில் இருந்த இடைவெளி குறையக் குறைய டவுன்ஃபோர்ஸ் ஏறியது. ஓர அட்டைகளை வைத்து அந்த இடைவெளியை அடைத்துப் பார்த்தார்கள். இன்னும் ஏறியது.

விஷயம் இதுதான். குழாயின் நடுவில் குறுகலான இடத்தில் தண்ணீர் வேகமாக ஓடும், அங்கே அழுத்தம் குறையும். பள்ளியில் படிச்ச பெர்னூலி தத்துவம். காரின் அடிப்பாகத்தை அப்படி ஒரு குறுகலான வழியாகச் செதுக்கினால், அடியில் அழுத்தம் குறைந்து, கார் தரையை நோக்கி உறிஞ்சப்படும். இதுதான் கிரவுண்ட் எஃபெக்ட்.

1977-ல் லோட்டஸ் 78 வந்தது. 1978-ல் லோட்டஸ் 79. அந்த வருடம் மரியோ ஆண்ட்ரெட்டி உலக சாம்பியன். காற்று ஓரத்தில் கசியாமல் இருக்க, சாலையைத் தொட்டபடி மேலும் கீழும் நகரும் ஸ்கர்ட் என்ற தடுப்புகளை மாட்டினார்கள். மற்ற அணிகளும் அதே வழிக்கு வந்தன.

1979-ல் லோட்டஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. லோட்டஸ் 80. கிட்டத்தட்ட காரின் முழு அடிப்பாகமும் உறிஞ்சும்.

அந்தக் கார்தான் குதித்தது.

குதிப்பது எப்படி?

இதை மட்டும் நிதானமா படிங்க. மீதி எல்லாம் தானாகப் புரியும்.

வேகம் இரண்டு மடங்கானால் டவுன்ஃபோர்ஸ் நான்கு மடங்காகும். எனவே நேர்சாலையில் வேகம் ஏற ஏற, கார் தரையை நோக்கி இழுக்கப்படுகிறது. தரையை நெருங்க நெருங்க உறிஞ்சல் கூடுகிறது. கூடுவதால் இன்னும் நெருங்குகிறது.

ஒரு கட்டத்தில் இடைவெளி மிகவும் குறுகி, அடியில் காற்று ஒழுங்காகப் போக வழியில்லாமல் ஓட்டம் கலைகிறது. உறிஞ்சல் சட்டென்று விட்டுப்போகிறது. அதுவரை அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங்கும் டயரும் காரை மேலே தள்ளுகின்றன. மேலே வந்ததும் காற்றுக்கு வழி கிடைக்கிறது. மறுபடி உறிஞ்சல். மறுபடி கீழே. மறுபடி மேலே.

இதுக்குப் பேர் போர்பாய்சிங். போர்பாய்ஸ் என்பது ஓங்கிலுக்கு உறவான ஒரு கடல் பாலூட்டி. அது எழும்பி முங்கி, எழும்பி முங்கி நீந்துவது போல் கார் போவதால் அந்தப் பெயர். தண்ணீரில் இறங்கும் விமானங்களுக்கு முன்பே இருந்த பெயரைக் கார்க்காரங்க எடுத்துக்கிட்டாங்க.

இதைக் குறைக்க ஒரு வழி, ஸ்பிரிங்கைக் கல் மாதிரி இறுக்குவது. கார் மேலும் கீழும் நகரவே முடியாதபடி. ஆனால் அப்படிச் செய்தால் சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நேராக ஓட்டுநரின் முதுகில் இறங்கும்.

இன்னொரு வழி, காரைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்துவது. குதிப்பது குறையும். கூடவே வேகமும் குறையும்.

எந்த அணி வேகத்தை விட்டுக்கொடுக்கும்?

நடுவில் ஒரு மருத்துவர்

1978-க்கு ஒரு நிமிஷம் திரும்பணும். இந்த வரலாற்றில் எங்க ஆள் ஒருத்தர் வர்றார்.

சிட் வாட்கின்ஸ். லண்டனில் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர். அந்த வருடம்தான் பெர்னி எக்கிள்ஸ்டோன் அவரை ஃபார்முலா 1-இன் மருத்துவப் பொறுப்புக்கு அழைத்து வந்தார்.

அந்த செப்டம்பரில் இத்தாலியின் மோன்சாவில், பந்தயம் தொடங்கிய சில நொடிகளில் பெரிய விபத்து. லோட்டஸ் 78 ஓட்டிய ரோனி பீட்டர்சனுக்கு இரண்டு கால்களிலும் பல எலும்பு முறிவுகள். நினைவோடுதான் இருந்தார். இரவு அறுவை சிகிச்சை. மறுநாள் காலை இறந்துவிட்டார். காரணம் ஃபேட் எம்போலிசம். பெரிய எலும்புகள் உடையும்போது மஜ்ஜையில் உள்ள கொழுப்பு ரத்தத்தில் கலந்து, நுரையீரல், மூளையின் நுண்குழாய்களை அடைக்கும். எலும்பு மருத்துவப் பிரிவில் வேலை பார்த்த யாரும் மறக்காத பெயர் அது.

அதன் பிறகு வாட்கின்ஸ் விடவில்லை. பந்தயப் பாதையில் ஹெலிகாப்டர், மயக்கவியல் மருத்துவர், முதல் சுற்றில் பந்தயக் கார்களின் பின்னாலேயே போகும் மருத்துவக் கார் என்று கேட்டு வாங்கினார். இன்று டிவியில் முதல் சுற்றில் கடைசியாக ஒரு கார் போவதைப் பார்க்கிறீங்களே, அது அந்த மரணத்திலிருந்து வந்தது.

ஆக, விபத்துக்கு மருத்துவம் 1978-ல் வந்துவிட்டது. தினம் தினம் குலுங்கும் முதுகுக்கு?

1981: விதியும் விளையாட்டும்

வளைவில் வேகம் அளவு மீறிப் போவதைப் பார்த்து 1981-ல் விதி மாற்றினார்கள். நகரும் ஸ்கர்ட்டுக்குத் தடை. காருக்கும் தரைக்கும் இடையே 6 சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயம்.

நல்ல விதிதானே? ஆனால் ஓடும் காரில் அந்த 6 சென்டிமீட்டரை அளக்க வழியில்லை. நின்றிருக்கும்போதுதான் அளந்தார்கள்.

பிராபம் அணியின் கார்டன் மர்ரே இதைப் பிடித்துக்கொண்டார். காற்றழுத்தத்தால் ஓடும்போது தாழ்ந்து, வேகம் குறைந்தால் மறுபடி உயரும் சஸ்பென்ஷன். அளக்கும்போது 6 சென்டிமீட்டர் சரியாக இருக்கும். அந்த வருடம் நெல்சன் பிக்கே அந்தக் காரில் உலக சாம்பியன்.

மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். விளைவு, சஸ்பென்ஷனில் அசைவே இல்லாத அளவுக்கு இறுகிய கார்கள். ஓட்டுநர்கள் முதுகுவலி, தலைவலி, குலுக்கலில் பார்வை மங்குவது என்று புகார் சொன்னார்கள்.

லோட்டஸ் இதற்கு ஒரு தீர்வும் கொண்டுவந்தது. லோட்டஸ் 88. ஒரு காருக்குள் இரண்டு சட்டகம். வெளிச்சட்டகம் இறுகிய ஸ்பிரிங்கில் நின்று டவுன்ஃபோர்ஸைச் சக்கரத்துக்குக் கடத்தும். உள்சட்டகத்தில் ஓட்டுநர் மென்மையான ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருப்பார். அணிக்கு வேகமும் குறையாது, ஓட்டுநருக்கு முதுகும் தப்பும்.

மற்ற அணிகள் எதிர்த்தன. விதிக்குப் புறம்பானது என்று தடை செய்தார்கள். அந்தக் கார் ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை.

1982-ல் கில் வில்னவ், ரிக்கார்டோ பலெட்டி இருவரும் இறந்தார்கள். டிடியே பிரோனியின் கால்கள் நொறுங்கின. கார்களின் வேகத்தைக் குறைத்தே ஆகணும் என்ற நிலை. 1983-லிருந்து சக்கரங்களுக்கு நடுவே அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. கிரவுண்ட் எஃபெக்ட் சுரங்கங்கள் போயின. குதிப்பதும் அதோடு போனது.

கவனிங்க, முதுகுக்காக யாரும் அந்த விதியைப் போடவில்லை. வேகத்துக்காகப் போட்டார்கள். முதுகு தப்பியது போனஸ்.

1994-ல் சென்னாவும் ராட்சன்பெர்கரும் இறந்த பிறகு இன்னொரு விதி. காரின் அடியில் 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பலகை. பந்தயம் முடியும்போது 1 மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருந்தால் தகுதிநீக்கம். அந்த வருடமே பெல்ஜியத்தில் முதலில் வந்த ஷூமாக்கர் இதனால் வெற்றியை இழந்தார். 2023-ல் அமெரிக்காவின் ஆஸ்டினில் இரண்டாவதாக வந்த ஹாமில்டனுக்கும் இதே கதி.

1981-இன் 6 சென்டிமீட்டருக்கும் இந்த 1 மில்லிமீட்டருக்கும் என்ன வித்தியாசம்? முதலாவதை நின்றபோது மட்டும் அளந்தார்கள். இரண்டாவது, ஓடியபோது நடந்ததைப் பலகையே சாட்சி சொல்லும். சர்க்கரை நோயாளிக்கு ஒரு நாள் வெறும்வயிற்று சர்க்கரைக்கும் மூன்று மாத சராசரிக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. டெஸ்டுக்கு முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து ஏமாற்ற முடியாது.

2022: பழைய நோய் திரும்பியது

முன்னால் போகும் காரின் கலங்கிய காற்றில் சிக்கினால் பின்னால் வரும் கார் டவுன்ஃபோர்ஸை இழக்கும். நெருங்கி வந்து முந்த முடியாது. ஃபார்முலா 1 வெளியிட்ட கணக்குப்படி, பழைய கார்கள் 20 மீட்டர் பின்னால் வரும்போது 35 சதவீதம், 10 மீட்டரில் 46 சதவீதம் இழந்தன.

இதைச் சரிசெய்ய 2022-ல் அடிப்பாகச் சுரங்கங்களை மறுபடி அனுமதித்தார்கள். இறக்கைகளை எளிமையாக்கினார்கள். இழப்பு 20 மீட்டரில் 4, 10 மீட்டரில் 18 சதவீதமாகக் குறையும் என்பது கணக்கு. நோக்கம் உண்மையிலேயே நல்லது.

ஆனால் அதே விதிப்புத்தகம் இன்னும் மூன்று காரியம் செய்தது.

ஒன்று, அதிர்வை அடக்கும் இனெர்ட்டர் என்ற கருவிக்குத் தடை.

இரண்டு, ஹைட்ராலிக் சஸ்பென்ஷனுக்குத் தடை.

மூன்று, 13 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 18 அங்குலம். டயரின் பக்கச்சுவர் குட்டையானதால், ரப்பர் தாங்கிய அதிர்வும் குறைந்தது.

அதாவது குலுக்கலைக் கொண்டுவந்துவிட்டு, மூன்று தலையணையையும் உருவிவிட்டார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் செலவு, எளிமை என்று நியாயம் உண்டு. சேர்ந்தபோது என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. ஐந்து மாத்திரைச் சீட்டை ஐந்து டாக்டர்கள் தனித்தனியா எழுதின நோயாளியைப் பார்த்தவங்களுக்கு இது புரியும்.

முன்கூட்டியே தெரியலையா? காற்றுச் சுரங்கத்தில் 60 சதவீத அளவு மாதிரியைத்தான் வைக்கலாம், நொடிக்கு 50 மீட்டர் வேகம்தான், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். இதுவும் விதிதான். போர்பாய்சிங் அதற்கு மேலான வேகத்தில் வந்தது. பிப்ரவரியில் பார்சிலோனாவில் நிஜ கார்கள் ஓடியபோதுதான் பல அணிகள் முழிச்சன.

மெர்சிடிஸ் மிக அதிகமாகக் கஷ்டப்பட்டது. பாக்குவில் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்சாலை. அங்கே காற்றினால் வரும் குதிப்பும், இறுகிய தாழ்ந்த கார் தெருச்சாலையின் மேடுகளில் தட்டுவதும் சேர்ந்துகொண்டன. இதோ, நாம் தொடங்கிய இடம்.

முதுகுக்குள் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு பொருளுக்கும் இயல்பான ஒரு அதிர்வு எண் உண்டு. ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் உயர உயரப் போகும் இல்லையா, அப்படி. உட்கார்ந்திருக்கும் மனித உடலுக்கு, மேல்கீழ் அதிர்வில் அந்த எண் சுமார் 4 முதல் 6 ஹெர்ட்ஸ். நொடிக்கு நாலிலிருந்து ஆறு முறை.

கார் குதித்தது எத்தனை முறை? நொடிக்கு ஐந்தாறு.

அதாவது உடம்பு அந்தக் குலுக்கலைத் தாங்காமல் பெருக்கும். முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியிருக்கும் திசுவிலிருந்து ஊறி வரும் சத்தில்தான் அது வாழும். அதனால் அடிபட்டால் ஆறுவது மெதுவாகத்தான். முதுகுத் தசைகள் ஒவ்வொரு குலுக்கலுக்கும் இறுகி இறுகிச் சோர்ந்துபோகும்.

இது மருத்துவத்துக்குப் புதுசு இல்லை. டிராக்டர், லாரி, பஸ், மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுபவர்களுக்கு இடுப்புவலி அதிகம் என்பது தொழில்சார் மருத்துவத்தின் பழைய பாடம். 2002-லேயே ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு எண் வைத்துவிட்டது. எட்டு மணி நேர வேலைக்கு, உடல் அதிர்வின் முடுக்கம் 0.5-ஐத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்கணும், 1.15-ஐத் தாண்டவே கூடாது. அலகு மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர்.

ஆக, டிராக்டர் ஓட்டும் விவசாயத் தொழிலாளிக்கு 2002-ல் ஒரு எண் கிடைத்தது. ஃபார்முலா 1 விதிகளில் அப்படி ஒரு எண் வர இன்னும் 20 வருடம் ஆனது.

அந்த எண்

பாக்கு முடிந்து நாலு நாளில், ஜூன் 16 அன்று, உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ அறிக்கை விட்டது. மருத்துவர்களோடு பேசியதன் அடிப்படையில், ஓட்டுநர்களின் பாதுகாப்புக்காகத் தலையிடுகிறோம் என்று.

எதிர்ப்பு வந்தது. ரெட் புல் அணித் தலைவர் கிறிஸ்டியன் ஹார்னர், குதிக்கிற அணி தன் காரை உயர்த்திக்கொள்ளட்டும், நடுவில் விதியை ஏன் மாற்றணும் என்று வாதிட்டார். நியாயமில்லை என்று தள்ளிவிட முடியாது. ஒழுங்காக வடிவமைத்த அணி ஏன் தண்டனை அனுபவிக்கணும்?

ஆனால் ஒரு மருத்துவரா நான் பார்க்கும் இடம் வேறு. காரை உயர்த்தும் முடிவை எடுப்பவருக்கும் முதுகு வலிப்பவருக்கும் நடுவில் ஒரு புள்ளிப் பட்டியல் நிற்கிறது. வலிப்பவரே கூட உயர்த்தச் சொல்ல மாட்டார். அவருக்கும் ஜெயிக்கணும்.

ஆகஸ்ட் இறுதியில் பெல்ஜியத்தின் ஸ்பாவிலிருந்து அளவுகோல் அமலுக்கு வந்தது. ஒவ்வொரு காரிலும் இருக்கும் உணரி மேல்கீழ் முடுக்கத்தைப் பதிவு செய்யும். குலுக்கலின் ஆற்றல் 100 கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 ஜூலைத் தாண்டக்கூடாது.

2023-ல் அடித்தட்டின் ஓரங்களை 15 மில்லிமீட்டர் உயர்த்தினார்கள். டிஃப்யூசரின் தொண்டைப் பகுதியையும் உயர்த்தினார்கள். குதிப்பு பெருமளவு அடங்கியது. 2026 விதிகளில் அந்தச் சுரங்கங்களே கைவிடப்பட்டு, தட்டையான அடிப்பாகத்துக்குத் திரும்பிவிட்டார்கள். 1983-இல் நடந்ததுதான், வேறு காரணங்களோடு.

கடைசியா ஒன்று

டவுன் பஸ் ஓட்டும் அண்ணன் ஒருத்தர் ஓபி-க்கு வருவார். இடுப்புவலி. ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தை. "சார், ஒரு ஊசி போட்டு விடுங்க, நாளைக்கு டூட்டி இருக்கு."

ஓய்வு எடுங்கன்னு சொல்வேன். சிரிப்பார். சீட்டு எப்படி இருக்குன்னு கேட்டேன் ஒரு நாள். "ஸ்பான்ஜ் போய் ரெண்டு வருஷம் ஆச்சு சார், துண்டை மடிச்சுப் போட்டு உட்கார்றேன்" என்றார். அதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட நான் அதைக் கேட்டதில்லை. ஊசி மட்டும்தான் எழுதியிருக்கேன். தப்பு என் மேலதான்.

ஹாமில்டனுக்கும் அந்த அண்ணனுக்கும் சம்பளத்தில் உள்ள தூரத்தை அளக்க முடியாது. ஆனா ரெண்டு பேர் முதுகும் அதே 4 முதல் 6 ஹெர்ட்ஸில்தான் ஆடும். ரெண்டு பேரும் வலியோடு அடுத்த நாள் வண்டியில் ஏறுவாங்க. நிறுத்து என்று சொல்ல வேண்டியது வேறு யாரோ.

இறக்கை முறிந்தால் இரண்டு வாரத்தில் விதி வரும். முதுகு தேய்ந்தால் சத்தமே வராது. அதனால்தான் அதற்கு ஒரு எண் வேணும். ஓடும்போதே அளக்கிற எண்.

உங்க வீட்டில் யாராவது பஸ், லாரி, டிராக்டர், ஜேசிபி ஓட்டினால், இன்னைக்கு அவங்க சீட்டைப் பற்றிக் கேளுங்க. ஸ்பான்ஜ் இருக்கா, சீட்டு ஸ்பிரிங் வேலை செய்யுதா, நடுவில் இறங்கி நடக்க நேரம் கிடைக்குதா என்று. வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் இருந்தாலோ ஊசியோடு நிறுத்தாமல் உடனே மருத்துவரைப் பாருங்க.

என் ஓபி-யில் இனி ஓட்டுநர் என்று சொன்னால் முதல் கேள்வி சீட்டைப் பற்றித்தான்.